அரைத்த கையும் கூர்ப்புப் படிமுறையும்: தேயிலை இயந்திர வடிவமைப்பு வரலாற்றிற் சில பிரச்சினைகள்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்வோர் கண்ணிற் படும் தேயிலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒரே சாயலுடையன. பல மாடிகள், வரிசை வரிசையாகச் சன்னல்கள், தகரக் கூரை. மலையக மக்கள் இவற்றை நெடுங்காலம் ‘இஸ்டோர்’ என்றே வழங்கினர். கோப்பிக் காலத்துக் களஞ்சியத்தின் பெயர் தேயிலை ஆலைக்கும் நிலைத்துவிட்டது. பெயரைப் போலவே கட்டிடத்திலும் பழைமையின் எச்சம் உண்டு. கொழுந்தைச் சாக்குத் தட்டுகளிற் பரப்பி வாட்டுவதற்காகவே மேல்மாடிகள் எழுந்தன. 1960களிலிருந்து விசிறி பொருத்திய வாட்டுத் தொட்டிகள் பரவவே தட்டுகள் மறைந்தன, மாடிகள் மறையவில்லை. உயிரினத்தின் உடலிற் பயன் குன்றிய உறுப்பு எஞ்சி நிற்பதுபோல அவை நிற்கின்றன.

இவ்வொப்புமை வெறும் அணியன்று. தேயிலை இயந்திரங்கள் எவராலும் ஒரே மூச்சில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. மாற்றம், சோதனை, தெரிவு, மீண்டும் மாற்றம் என்ற வழியிலேயே அவை உருப்பெற்றன. இதே வழியைக் கணிதமாக்கி, இயந்திரத் தொகுதிகளுக்கு உகந்த வடிவத்தைத் தேடும் முறையொன்று 1960களில் ஐரோப்பாவில் தோன்றிப் பின்னர் கணனியோடு சேர்ந்து வளர்ந்தது. அம்முறையைக் கூர்ப்புப் படிமுறை என இங்கு வழங்குவோம். நாம் கூர்ப்பு என்பதைத் தமிழகத்தார் பரிணாமம் என்பர். இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒரு வினா தவிர்க்கவியலாததாகிறது. தெரிவு எந்த அளவுகோலால் நடைபெற்றது? அவ்வளவுகோலை வகுத்தவர் யார்?

1

1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டபோது அவருடைய பங்களாவின் விறாந்தையே ஆலையாக இருந்தது. மேசைமீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கையை அழுத்தி உருட்டினர். களிமண் அடுப்புகளிற் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினர். அரைக்கும் இயந்திரத்தின் முதல் மூதாதை தொழிலாளியின் முன்கையே என்பதை இயந்திர வரலாறு எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

அந்தக் கை செய்த வேலை எளியதன்று. கொழுந்தின் கலங்கள் சிதைந்து சாறு வெளிவரவேண்டும். அச்சாறு காற்றோடு சேர்ந்து ஒட்சியேற்றம் அடைந்தாற்றான் நிறமும் மணமும் பிறக்கும். அதேவேளை இலை துண்டு துண்டாகிவிடாது முறுக்கேற வேண்டும். சிதைக்கவும் வேண்டும், சிதையாமற் காக்கவும் வேண்டும். மெல்ல அழுத்தினால் சாறு வராது. வன்மையாக அழுத்தினால் இலை நொறுங்கும், சூடேறி மணமும் கெடும். இந்த முரண்பாடே அரைக்கும் இயந்திரத்தின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது.

1869 இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி சரிந்து, அதன் இடத்தைத் தேயிலை பற்றியது. புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. பாரிய இரும்புப் பொறிகளை மலைக்குக் கொண்டுவருதல் அதன் பின்னரே இலகுவாயிற்று. இதற்கு முன்பே, 1872 இல், வில்லியம் ஜாக்சன் அசாமிற் தமது முதலாவது உருட்டும் இயந்திரத்தை நிறுவியிருந்தார். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனம் செய்து அனுப்பியது. கச்சாரில் தேயிலைத் துரையாக இருந்து பின்னர் பெல்பாஸ்ற் திரும்பிய சாமுவேல் டேவிட்சன் ‘சிரொக்கோ’ என்னும் வெந்காற்று உலர்த்தியை ஆக்கினார். அவரது தொழிற்சாலை 1881 இல் நிறுவப்பட்டது. தேயிலை உலர்த்திக்குக் காற்றுத் தள்ளுவதற்கென அவர் திருத்தியமைத்த விசிறி பின்னர் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் புகுந்தது. ஓர் உறுப்பு வேறொரு வாழிடத்திற் புதுப்பயன் பெறுவது உயிரியலாளருக்குப் பழக்கமான செய்தி.

ரோலரின் அமைப்பை அறியாதோருக்காகச் சில சொற்கள். கீழே வட்ட மேசை. அதன்மீது வளைந்த வரிப்புகள், நடுவே ஒரு கூம்பு. மேலே அடியற்ற உருளைப் பெட்டி, அதனுட் கொழுந்து. பெட்டியின் உள்ளே இறக்கி ஏற்றக்கூடிய அழுத்தத் தட்டு. பெட்டி மாத்திரம் வட்டமாக அசைந்தால் ஒற்றைச் செயல். மேசையும் பெட்டியும் எதிரெதிராக அசைந்தால் இரட்டைச் செயல். இரட்டைச் செயல் ரோலரைச் சிறிதுநேரம் உற்று நோக்குவோர் அதில் இரு உள்ளங்கைகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ப்பதைக் காணலாம்.

இவ்வியந்திரத்திற் பொறியியலாளன் மாற்றக்கூடியவை யாவை? பெட்டியின் விட்டம், அசைவு வட்டத்தின் அளவு, வேகம், வரிப்புகளின் எண்ணிக்கை, அவற்றின் உயரம், அழுத்தத்தின் அளவு என ஆறினை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பெறுமானங்கள் எனக் கொண்டால் பத்து இலட்சம் சேர்க்கைகள் கிடைக்கும். நாளொன்றுக்கு எட்டுத் தடவை அரைத்துச் சோதித்தாலும் யாவற்றையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 342 ஆண்டுகள் செல்லும். அதற்குள் கொழுந்தும் ஒரே தன்மையாய் இராது. திம்புளைப் பகுதியைச் சேர்ந்த அக்கரப்பத்தனையிற் தை, மாசி மாதத்து வரண்ட காற்றில் வரும் கொழுந்து ஒன்று. மழைக்காலக் கொழுந்து முற்றிலும் வேறு. ஆகவே எல்லாச் சேர்க்கைகளையும் எவரும் முயன்றதில்லை. ஓர் ஆலையிற் பலன் தந்த மாற்றத்தைப் பிற ஆலைகள் பின்பற்றின. பலன் தராதது இரும்புக் கடைக்குப் போயிற்று.

2

எது பலன் எனக் கொள்ளப்பட்டது? 1883 யூலையிற் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அதற்கு முன்பும் பின்பும் இலண்டன் மின்சிங் வீதி ஏலமே விலையைத் தீர்மானித்தது. சுவைஞர் ஒருவர் ஒரு மிடறு உறிஞ்சி, வாயிற் சுழற்றி, துப்பிவிட்டுக் கூறும் ஒரு சொல் அக்கரப்பத்தனை ரோலரின் அழுத்தத் தட்டை ஏற்றவும் இறக்கவும் வல்லதாயிருந்தது. மற்றோர் அளவுகோல் இறாத்தல் ஒன்றின் உற்பத்திச் செலவு. மூன்றாவதாக விளம்பரமும் ஒன்றிருந்தது. சீனத் தேயிலை கைபட்டது, இந்திய இலங்கைத் தேயிலை இயந்திரத்தாற் செய்யப்பட்டது, ஆகவே தூய்மையானது என்று பிரித்தானிய வணிகர் பரப்பினர். அத் ‘தூய’ தேயிலையின் ஒவ்வொரு கொழுந்தையும் பறித்தது ஒரு பெண்ணின் விரல் என்பதை அவ்விளம்பரங்கள் பேசவில்லை.

இத்தெரிவு இடத்துக்கிடம் வேறுபட்டது. 1930 இல் அசாமின் அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மக்கர்ச்சர் ஆக்கிய சீ.ரீ.சீ. இயந்திரம் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டியது. விரைவாகவும் கடுமையாகவும் சாறு தரும் அத்தேயிலை பின்னாளிற் பைத் தேயிலைக்கு மிகப் பொருந்தியது. அசாமிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் அது பெருகிற்று. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட எமது மலைகளில் மணத்துக்கே விலை. ஆதலின் ரோலர் பிழைத்துக்கொண்டது. 1950களின் இறுதியில் தொக்லாய் நிலையத்தில் மக்ரியர் உருவாக்கிய ‘ரோட்டர்வேன்’ மட்டும் மலையக ஆலைகள் பலவற்றிற் புகுந்து ரோலருடன் கூட்டுச் சேர்ந்தது. ஒன்று மற்றையதை ஒழிக்கவில்லை. இரண்டும் கலந்து புதியதொரு தொடர் பிறந்தது.

எனினும் இயந்திரக் கூர்ப்பு உயிரினக் கூர்ப்பின் நேர்ப்பிரதி எனக் கொள்ளுதல் தவறு. ஜாக்சனும் டேவிட்சனும் குருட்டுத்தனமாக மாற்றியவர்களல்லர், கருதி மாற்றினர். மேலும் இயற்கையில் ஓர் உயிரின் இயல்பு இன்னொன்றுடன் கலப்பதைத் தடுக்கும் ஆக்கவுரிமைப் பத்திரம் எதுவும் இல்லை. தனியுடைமை உறவுகள் இயந்திரங்களின் கலப்பையே வேலியிட்டு மறித்தன.

3

கருதி மாற்றுவதைவிடக் கருதாமல் மாற்றுவது சிலவேளைகளில் நன்மை தரும் என்று துணிந்து கூறியவர்கள் பேர்ளின் மாணவர் மூவர். 1964 இல் பேர்ளின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பேர்க், ஹான்ஸ்-பவுல் ஸ்வெஃபல், பீற்றர் பீனேர்ட் ஆகியோர் காற்றுச் சுரங்கத்துள் ஒரு தகட்டை வைத்தனர். ஐந்து மூட்டுகளால் இணைந்த ஆறு துண்டுகள் அதில் இருந்தன. ஒவ்வொரு மூட்டுக்கும் 51 நிலைகள். மொத்தம் 34,50,25,251 வடிவங்கள். மிகக் குறைந்த காற்றுத் தடையுடைய வடிவத்தைக் காணவேண்டும். விடை தட்டையான தகடு என்பது யாவருக்கும் தெரியும். தெரிந்த விடையை அம்முறை தானாகக் கண்டடைகிறதா என்பதே சோதனை.

ஆணிகள் அறைந்த பலகையிற் குண்டுகளை உருளவிட்டு, அவை விழும் இடத்தைக் கொண்டு மூட்டுகளைச் சிறிது மாற்றினர். இதுவே விகாரம். புதிய வடிவின் தடை குறைந்தால் அது அடுத்த தாய். கூடினாற் பழையதே தாய். கோணல் மாணலாகத் தொடங்கிய தகடு சில நூறு தலைமுறைகளுக்குள் ஏறக்குறையத் தட்டையாயிற்று. கணனி ஒன்றும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சோதனை இதனினும் வியப்பானது. சூடான நீர் ஆவியாகப் பொங்கிப் பாயும் குழாய்முனை ஒன்றின் வடிவத்தை 1960களின் இறுதியில் ஸ்வெஃபல் இவ்வழியில் தேடினார். குழாயைப் பல வளையங்களாக வெட்டி, வளையங்களை மாற்றியும் கூட்டியும் குறைத்தும் சோதித்தார். 55 சதவீதமாக இருந்த வினைத்திறன் 80 சதவீதத்தை நெருங்கியது. இறுதி வடிவம் எந்தப் பொறியியலாளனும் வரைந்திராத ஒன்று. இடையிடையே பருத்தும் சிறுத்தும் விசித்திரமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அது மாறிவந்த காட்சியை வரிசையாக அச்சிட்ட படம் இத்துறை நூல்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. வடிவமைப்பின் வரலாற்றையே ஒரு பக்கத்திற் கண்ணால் காணச் செய்தது அப்படம்.

இதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹொலண்ட் வேறொரு திசையிலிருந்து இவ்விடத்தை அடைந்தார். ஒரு தாயும் ஒரு சேயும் போதா. பல வடிவங்கள் கொண்ட ஒரு குடித்தொகை வேண்டும், அவற்றிடையே கலப்பு நிகழவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. அவரது நூல் 1975 இல் வெளிவந்தது.

குடித்தொகை ஏன் வேண்டும் என்பதை அக்கரப்பத்தனைவாசிக்கு விளக்குதல் எளிது. 1932 இல் சிவால் றைற் என்னும் மரபியலாளர் தகைமையை ஒரு மலைநாடாக வரைந்துகாட்டினார். உயர்ந்த சிகரம் மிகத் தகைமையுடைய வடிவம். பனிமூட்டத்தில் டயகமைப் பக்கத்திலிருந்து ஹோட்டன் சமவெளியை நோக்கி ஏறும் ஒருவன், மேலே செல்லும் அடியை மட்டுமே வைப்பதென விரதம் பூண்டால், வழியிலுள்ள ஏதோவொரு குன்றின் உச்சியில் நின்று அதுவே சிகரம் என எண்ணிவிடுவான். பலர் பல இடங்களிலிருந்து ஏறி ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டால் அந்த மயக்கம் குறையும்.

எல்லோரும் ஒரே குன்றில் விரைந்து கூடிவிடும் ஆபத்தும் உண்டு. இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்திலிருந்து சிறந்த தாய்ச் செடிகளைத் தெரிந்து, தண்டு நட்டுப் பெருக்கும் முறையைப் பரப்பியது. வித்திற் பிறந்த பழைய தேயிலை மலையில் எந்த இரு செடிகளும் ஒன்றாயிரா. புதிய மலையில் யாவும் ஒன்று. விளைச்சல் உயர்ந்தது மெய். ஆனால் புகழ்பெற்ற 2020 வரிசைச் செடிகள் ஒரே தாய்வழியில் வந்தமையால் இலங்கைத் தேயிலையின் மரபணு அடித்தளம் குறுகிவிட்டது என்பதை ஆய்வாளர்களே சுட்டியுள்ளனர். கோப்பியை அழித்த நோய் இந்நாட்டின் நினைவிலிருந்து நீங்கியிருக்கக் கூடாது.

4

இதுவரை ஓர் அளவுகோலையே பேசினோம்: தடை குறைதல் அல்லது வினைத்திறன் கூடுதல். மெய்யான இயந்திரங்களுக்கு அளவுகோல் ஒன்றல்ல. ரோலரிற் சாறும் வேண்டும், முறுக்கும் வேண்டும். பற்றவைத்த உத்திரம் ஒன்றை மலிவாகச் செய்தால் அது வளையும். வளையாமற் செய்தாற் செலவு கூடும். இரண்டிற்கும் பொதுவான ஒரே விடை இல்லை. ஒன்றை இழக்காமல் மற்றொன்றை மேம்படுத்த முடியாத வடிவங்களின் ஒரு வரிசையே உண்டு. இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரால் அதனைப் பரேட்டோ எல்லை என்பர்.

இவ்வெல்லை முழுவதையும் ஒரே ஓட்டத்திற் கண்டறியக் குடித்தொகை கொண்ட கூர்ப்புப் படிமுறை மிகப் பொருத்தமானது. இதனைப் பெருமளவில் நிறுவியவர்களில் ஒருவர், அன்று கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் இருந்த கல்யாண்மோய் தேப். 2002 இல் அவரும் அவர் மாணவரும் வெளியிட்ட முறை உலகெங்கும் இயந்திர வடிவமைப்பிற் கையாளப்படுகிறது. நாம் மேலே கூறிய உத்திரம் அவர் அடிக்கடி எடுத்தாண்ட உதாரணம். செலவு ஓர் அச்சு, வளைவு மற்றோர் அச்சு. இடையே ஒரு வளைகோடு.

அந்தக் கோட்டை வரைந்து காண்பது வெறும் அலங்காரமன்று. கோடு ஓரிடத்திற் திடீரென முறிந்தால், அங்கு சிறிது செலவு கூட்டினாற் பெருநன்மை விளையும் என்பது கண்ணுக்குப் புலனாகும். அளவுகோல்கள் மூன்றைத் தாண்டினால் சாதாரண வரைபு போதாது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு வடிவத்தையும் அக்கோடுகளைக் கடந்து செல்லும் ஒரு கம்பியாக வரையும் முறையை 1980களில் அல்பிரட் இன்செல்பேர்க் வளர்த்தெடுத்தார். எல்லையிலுள்ள வடிவங்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு எது என்பதைத் தேடி, அதிலிருந்து வடிவமைப்பு விதிகளைக் கற்கலாம் என 2006 இல் தேப் காட்டினார்.

ஆயின் படம் தெரிவைச் செய்வதில்லை. எல்லையில் எந்தப் புள்ளியைக் கொள்வது என்பது மனிதரின் முடிவு. அதற்கும் முன்பாக, எவற்றை அச்சாக வரைவது என்பதும் மனிதரின் முடிவே. அச்சாக வரையப்படாத ஒன்று எவ்வளவு கேடுற்றாலும் படத்திற் தெரியப்போவதில்லை.

5

இப்போது ஆலையை விட்டு மலைக்கு ஏறுவோம். ஆலையினுள் முன்கை ரோலராயிற்று. கரி அடுப்பு வெந்காற்று உலர்த்தியாயிற்று. சாக்குத் தட்டு தொட்டியாயிற்று. வெளியே மலையில் நிகழ்ந்தது என்ன? இடுப்பிற் படங்கும் தலையிற் தொங்கும் கூடையும். கூடையின் இடத்தைப் பின்னர் பை பிடித்தது. மூட்டை இறக்கச் சில தோட்டங்களிற் கம்பிவழி வந்தது. கொழுந்து பறிக்கும் முறை விரலாகவே இருந்தது. ஒன்றரை நூற்றாண்டில் ஒரே தொழிலின் ஒரு பாதி இடையறாது மாறியது. மறுபாதி ஏறக்குறைய அசையாது நின்றது.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து பறிப்பதை இயந்திரம் செய்யாது, செங்குத்துச் சரிவில் எந்தப் பொறியும் நில்லாது என்பர். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. யப்பானில் 1910களிலேயே பை பொருத்திய கொழுந்துக் கத்தரி வழக்கிற்கு வந்துவிட்டது. இங்கு அதற்கான நெருக்குதல் எழவில்லை. துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளி கடனாற் தோட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தார். பெண்களுக்கு ஆண்களோடு சமவேதனம் 1984 இலேயே கிடைத்தது. பறிப்பவள் வேதனம் அவ்வளவு தாழ்ந்திருக்கையில், அவள் முதுகையும் கழுத்தையும் காக்கும் கருவிக்குச் சந்தை ஏது? வடிவமைப்பின் தெரிவு உழைப்பின் விலையை மட்டும் கண்டது. உழைப்பவளின் உடலைக் காணவில்லை.

இதற்கு முதலாளித்துவ அமைப்பை மாத்திரம் குறைகூறுவதும் நேர்மையாகாது. சோவியத் யோர்ஜியாவில் 1960களில் கொழுந்து பறிக்கும் பெரும் இயந்திரங்கள் வயல்களில் ஓடின. முதுகு வலி குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் திட்டத்தின் அளவுகோல் எடை ஒன்றே ஆயிற்று. காம்பும் முற்றிய இலையும் கொழுந்தோடு சேர்ந்தன. தேயிலையின் தரம் வீழ்ந்தது.

இன்று மலையகத்தின் நிலை மாறிவருகிறது. தேசியமயமாக்கப்பட்ட தோட்டங்களின் நிருவாகம் 1992 இற் கம்பனிகளிடம் சென்றது. இளைஞர் பலர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றனர். ஆள் குறையவே கத்தரியும் பொறியும் மலைக்கு வரத் தொடங்கியுள்ளன. அதாவது ஒன்றரை நூற்றாண்டு தாமதித்த கூர்ப்பு இப்போது தொடங்குகிறது. எந்த அளவுகோலோடு என்பதே கேள்வி. கிலோ கூடினாற் போதும் எனில், கத்தரி வந்த அன்றே பேருக்குரிய கிலோவும் உயர்த்தப்படும். கருவி மிச்சப்படுத்திய வலி வேறு வடிவில் அதே தோளில் ஏறும்.

மனிதரே தகைமையை மதிப்பிடும் கூர்ப்புப் படிமுறை என ஒரு பிரிவு உண்டு. 1997 இல் மைக்கல் ஹேர்டி கோப்பிக் கலவையொன்றைத் தேடிய சோதனை அதற்கு உதாரணம். எண்ணால் அளக்க முடியாத சுவையை மனிதர் சுவைத்துத் தெரிவு செய்ய, அத்தெரிவே அடுத்த தலைமுறைக் கலவைக்குத் தாயாயிற்று. ஏலச் சுவைஞர் அறியாமலே செய்துவந்த வேலை இதுவே. அவருக்கு அளித்த இடத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அளிப்பதிற் தொழினுட்பத் தடை எதுவுமில்லை.

அக்கரப்பத்தனையின் ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். கத்தரியின் அலகு நீளம், கைப்பிடியின் கோணம், பையின் கொள்ளளவு, பை தோளிற் தொங்குவதா இடுப்பிற் கட்டுவதா என்பன மாறிகள். ஒரே சுற்றுக் கொழுந்தில், மேட்டிலும் பள்ளத்திலும், இருபது வயதினரும் ஐம்பது வயதினரும் அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பர். மடுவத்தில் நிறுக்கும்போது எடை ஒரு கோடு. முற்றிய இலையின் பங்கு ஒரு கோடு. அடுத்த சுற்றுக்குச் செடி துளிர்க்கும் விதம் ஒரு கோடு. மாலையில் அப்பெண்களே தம் கழுத்துக்கும் கைக்கும் இடும் மதிப்பெண் ஒரு கோடு. எந்த இரண்டு கத்தரிகளைக் கலந்து அடுத்ததைச் செய்வது என்பதை அவ்விரவே கொல்லன் பட்டறையிற் கூடித் தீர்மானிக்கலாம். பேர்ளினில் 1964 இல் இருந்ததைவிட அதிகமான கருவி இதற்கு வேண்டியதில்லை.